பசை போடாத வீடு

குளியலறைத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதுதான் தாமதம், நாச்சிமுத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இன்றைக்குத் தலைக்குக் குளியல். சீயக்காய் கரைத்த கிண்ணத்தோடு போயிருக்கிறாள், வசந்தாமணி தலைக்குக் குளிக்கப் போனால் அத்தனை சீக்கிரம் வெளியே வர மாட்டாள். அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். என்ன வேலை என்று யாராவது கேட்டால் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வேலை இல்லை. பெண்டாட்டி கட்டிய பொம்மை வீட்டில் எங்கேயாவது பசை இருக்கிறதா என்று தேட வேண்டும். இருக்க வேண்டும், ஆண்டவனே, ஒரு சொட்டாவது இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசைமேல் இரண்டு வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வலது பக்கம் இருப்பது அவருடையது, இடது பக்கம் அவளுடையது. இரண்டுமே ஒன்றையொன்று கவ்விக்கொள்கிற பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளால் ஆனவை, இரண்டுமே அந்தக் காலத்து இங்கிலாந்து வீடுகள், டியூடர் வீடு என்பார்கள், வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், கூரை செங்குத்தாக ஏறும், மாடி கீழ்த்தளத்தை விட ஒரு முழம் தெருப்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். கோயமுத்தூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி வீட்டைக் கட்டையில் கட்டுகிற ஆள் ஒருவர்தான் என்று போன வருஷம் வரை எல்லாரும் சொன்னார்கள். இன்றைக்கு மண்டபத்தில் கட்டை கிளப்பின் வருஷக் கண்காட்சி, காலையில் கிளப் தலைவர் ஜெபராஜிடமிருந்து போன் வந்தது. அவர் பல் டாக்டர், குரல் எப்போதும் வலிக்காமல் ஊசி போடுகிற மாதிரி மெதுவாகத்தான் இருக்கும். "சார், தப்பா எடுத்துக்காதீங்க, இந்தத் தடவை நடு மேசையில மேடம் வீட்டை வெச்சிரலாங்களா? உங்களுதுக்கு ஜன்னலோரமா நல்ல எடமாப் போட்டுத் தர்றேன்." தாராளமா வைங்க டாக்டர், என்றார் நாச்சிமுத்து. தாராளமா. அந்தச் சொல் காலையிலிருந்து தொண்டையிலேயே நிற்கிறது, இட்லியும் அதைத் தள்ளவில்லை, காப்பியும் தள்ளவில்லை.

குனிந்து மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். பசைக்கு ஒரு காரமான நெடி உண்டு, அதை அவர் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவார். கிளப்பின் முதல் விதியே பசை கூடாது என்பதுதான், அந்த விதியைப் போட்டவரே இவர்தான். கட்டை கட்டையைக் கவ்விக்கொண்டு தானாக நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அது வீடு இல்லை, ஒட்டுவேலை. திருப்பூரிலிருந்து ஒருவர் ஆள் உயரத்துக்கு ஒரு மாதா கோயில் கோபுரம் செய்துகொண்டு வந்தார், பாவம், வேர்க்க விறுவிறுக்க நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்தார்கள். நாச்சிமுத்து அடியில் நகத்தை விட்டு ஒரு கட்டையை நெம்பிப் பார்த்தார், அசையவில்லை, அவ்வளவுதான், எல்லார் முன்னாலும் கோபுரத்தை மேசையிலிருந்து இறக்கச் சொல்லிவிட்டார். கை சுத்தமா இருந்தா பசை எதுக்குங்க, என்று வேறு கேட்டார். அந்த மனிதர் அதற்கப்புறம் கிளப் பக்கமே வரவில்லை. வராவிட்டால் போகட்டும், சுத்தம் என்றால் சுத்தம்தான். மற்றவர்கள் வீடெல்லாம் மண்டபம் வந்து சேர்வதற்குள் கூரை ஒரு பக்கம் சுவர் ஒரு பக்கமாகக் கிடக்கும், இவருடைய வீட்டில் ஒரு கட்டை கழன்றதில்லை, உக்கடம் மேம்பாலத்து வேகத்தடையே தலைகீழாக நின்றாலும் கழன்றதில்லை. அது கை. இப்போது இந்தக் கையை ஜன்னலோரம் வைக்கப் போகிறார்கள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. நாச்சிமுத்துவும் நின்றார், மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார், சொந்த வீட்டில், சொந்தச் சாப்பாட்டு மேசை முன்னால், திருட வந்தவன் மாதிரி. மறுபடி குவளை மோதியது, தண்ணீர் விழுந்தது. விரலை அவள் வீட்டு வாசற்படிமேல் வைத்தார்.

பசை இல்லை. வாசற்படி அசைந்தது, ஜன்னல் சட்டம் அசைந்தது, புகைபோக்கியைத் தொட்டால் அதுவும் அடக்கமாகக் கையோடு வந்து மறுபடி உட்கார்ந்தது. எல்லாம் கவ்வல்தான், அதுவும் என்ன கவ்வல், எங்கே அழுத்தினால் எது நகரும் என்று தெரிந்து வைத்த கவ்வல். இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? மின்வாரியத்தில் இருந்தபோது ஊட்டிக்கு மாற்றலாகிப் போய், பனியில் நடுங்கிக்கொண்டு, வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களாக்களைத் தெருத்தெருவாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தவர் அவர். அந்தக் கறுப்புச் சட்டங்களைப் பார்த்தபோது மார்புக்குள் என்னவோ நேராக உட்கார்ந்தது, அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. மகன் கனடா போன பிறகு பரணில் கிடந்த அவனுடைய கட்டைப் பெட்டியை இறக்கி முதல் சுவரை எழுப்பியதும் அவர்தான். அப்போது அவள் என்ன சொன்னாள்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, "இதென்னங்க, அணில் முதுகாட்ட வரி வரியா இருக்குது?" என்றாள். அணில் முதுகு! அவ்வளவுதான் அவளுடைய டியூடர் ஞானம். அப்புறம் முறுக்கு டப்பாக்களைக் கழுவிக் காயவைத்து, நிறம் நிறமாகக் கட்டைகளைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தாள், கறுப்பு ஒன்றில், காப்பிப்பொடி நிறம் ஒன்றில், வெள்ளை ஒன்றில். சிவப்பு கலந்த பழுப்பு அவருக்குப் பிடிக்காது, அது சேராத நிறம் என்று ஒதுக்கிவிட்டார், அதையும் தனியாக ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தாள். ஒருநாள் மத்தியானம் அவர் தூங்கி எழுந்து வந்தால் மிச்சக் கட்டைகளோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். என்ன அம்மிணி பண்ற என்றால், "சும்மா கைய ஓட்டறனுங்க" என்றாள். சும்மா. அவர் சிரித்துவிட்டு முகம் கழுவப் போனார். அன்றைக்கே அந்த டப்பாக்களைப் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் இந்த வீட்டைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது, மறைப்பானேன், வயிறுதான் எரிகிறது. சுவர் நேராக இல்லை. மாடிச் சுவர் நடுவில் கொஞ்சம் பிதுங்கி, ஓரத்தில் கொஞ்சம் தொய்ந்து, முந்நூறு நானூறு வருஷம் மழையில் நின்று களைத்த மாதிரி சாய்ந்திருக்கிறது, ஆனால் விழவில்லை. அவருடைய வீட்டில் ஒவ்வொரு சட்டமும் மட்டப்பலகை வைத்த மாதிரி நேர், அதைத்தான் இத்தனை நாள் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவள் வீட்டுக்குப் பக்கத்தில் அது புதிதாகப் பெயிண்ட் அடித்த பள்ளிக்கூடம் மாதிரி நிற்கிறது. மரம் தொய்யும் என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? ஊட்டிக்கு இவளை அவர் அழைத்துக்கொண்டு போனதே ஒரு தடவைதான், அன்றைக்கும் குளிர் தாங்காமல் விடுதி அறையிலேயே போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். ஒருவேளை கன்னத்தில் கை வைத்து ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாளோ? எதிரே ஒரு பங்களா இருந்ததோ? இருந்தது. அவர் தெருத்தெருவாக அலைந்து பார்க்காததை அவள் போர்வைக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டாளா? சே. மாடி துருத்துகிற இடத்துக்கு அடியில், இடது மூலையில், ஒரு சின்னத் தாங்கல் கட்டை இருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும், இப்போது ஒன்றும் ஆகாது, கார் கிளம்பி இரண்டாவது வேகத்தடையில் முன்பக்கம் முழுக்க மடியில் கொட்டும். கட்டைவிரல் அங்கே போய்விட்டது. தானாகத்தான் போனது. அவர் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டார். நல்ல மனசால் எடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடலாம். கொட்டினால் அவள் ஒரு வார்த்தை பேச மாட்டாள், காரிலேயே உட்கார்ந்து திருப்பிக் கட்டிவிடுவாள், முன்னை விட நன்றாகக் கட்டிவிடுவாள், அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

மண்டபம் இப்போது எப்படி இருக்கும்? நடு மேசைக்கு மேலேதான் பெரிய விளக்கு. வருகிறவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள், யார் கட்டினது என்பார்கள், மேடம் என்பார் ஜெபராஜ், மேடத்தைத் தேடுவார்கள், மேடம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்து சிரிப்பாள். சார் யாரு? சார் மேடத்தோட வீட்டுக்காரருங்க. ஓ, நீங்களும் கட்டுவீங்களா சார்? ரிட்டயர் ஆன பிறகு மின்வாரிய ஆபீசில் அவர் பெயரைச் சொன்னால் புதிதாக வந்தவர்களுக்கு முகமே தெரியவில்லை. கல்யாணங்களில் முதல் பந்தியில் இடம் போடுவது நின்றுவிட்டது. மகன் போனில் நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு அம்மாகிட்டக் குடுங்க என்கிறான். மிச்சம் இருந்தது இது ஒன்றுதான், டியூடர் நாச்சிமுத்து என்கிற பெயர், அதுவும் பொம்மைக் கட்டைப் பெயர்தான், ஆனாலும் பெயர். அதையும் இவள் சும்மா கையை ஓட்டி எடுத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா? கொடுத்திருக்க மாட்டார். அதனால்தான் கேட்கவில்லையோ?

அப்போதுதான் நெற்றி கண்ணில் பட்டது. கூரைக்குக் கீழே முன்பக்கம் முக்கோணமாக நிற்கிற சுவருக்கு அவர் வைத்த பெயர் நெற்றி. டியூடர் வீட்டுக்கு உயிரே அங்கேதான். அவள் வீட்டு நெற்றியில் இரண்டு சட்டங்கள் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கே வெட்டின, ஆனால் நட்ட நடுவில் வெட்டவில்லை, ஒரு இம்மி இடது பக்கம் தள்ளி வெட்டின, அந்தத் தள்ளலால் முழு வீடும் லேசாகத் தலையைச் சாய்த்து யாரையோ பார்க்கிற மாதிரி இருந்தது. நாச்சிமுத்துவுக்கு முதலில் வேர்த்தது, அப்புறம் சந்தோஷம் வந்தது, அப்படி ஒரு சந்தோஷம். இது அவருடைய நெற்றி! வலது பக்கம் இருந்த தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். அதே சாய்வு, அதே ஒரு இம்மி. திருடி! போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கண்காட்சி விளக்கில் தன் வீட்டைப் பார்த்தபோது அவருக்கே தூக்கிவாரிப் போட்டது, எல்லாம் நேராக இருக்கிற வீட்டில் நெற்றி மட்டும் உயிரோடு இருந்தது. இதையா நாம் கட்டினோம் என்று அப்படியே நின்றுவிட்டார். ஜெபராஜைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். "இந்த நெத்தியப் பாருங்க டாக்டர், இந்த மாதிரி இன்னொரு கையி போட முடியாது." எப்படிச் சார் போட்டீங்க என்று கேட்டவர்களிடம், அது மூளை போட்டதில்லீங்க, கை போட்டது, என்றார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார், அந்த வருஷமும் சொன்னார், போன வருஷமும் சொன்னார். வசந்தாமணி அப்போதெல்லாம் பக்கத்தில்தான் நிற்பாள், முகம் சிவந்துவிடும், புருஷன் பெருமை பெண்டாட்டிக்கு இருக்காதா என்று நினைத்துக்கொள்வார். அதற்குப் பிறகு எத்தனையோ நெற்றி கட்டிப் பார்த்துவிட்டார், வரவில்லை, அதனால் இந்த வீட்டையேதான் வருஷா வருஷம் கொண்டுபோகிறார். இம்மி தள்ளினால் தப்பு மாதிரி தெரிகிறது, தள்ளாவிட்டால் செத்துக் கிடக்கிறது. கண் போய்விட்டது, வயசாகிவிட்டது என்று நினைத்தார். கண்ணும் போகவில்லை, வயசும் இல்லை, ஒரே வரத்தை இரண்டு பேர் பங்கு போட முடியுமா, அதைத்தான் அவள் சுரண்டிக்கொண்டு போய்விட்டாள்.

இனி யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு நெற்றியையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பின்பக்கக் கட்டு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து ஜெபராஜுக்கு அனுப்பினால் தீர்ந்தது. டாக்டர், பாருங்க, அசல் எது நகல் எதுன்னு நீங்களே சொல்லுங்க. அவள் நெற்றி ஒரே இழுப்பில் கழன்று கையில் வந்தது, மேசைமேல் வைத்தார். தன்னுடையதைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இறுக்கம் அப்படி, கை சுத்தம், என்று சொல்லிக்கொண்டு மறுபடி இழுத்தார். கட்டை நெம்புகிற சின்னப் பிளாஸ்டிக் கத்தியை எடுத்து இடுக்கில் விட்டார். கத்தி வளைந்தது. கோயமுத்தூர் வெயிலில் பிளாஸ்டிக் உருகிப் பிடித்துக்கொண்டிருக்கும், இருக்கும், போன ஏப்ரலில் என்ன வெயில். செல்போன் விளக்கைப் போட்டுக் கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிக் குனிந்தார். நெற்றி கூரையோடு சேருகிற இடத்தில் மாவு பூத்த மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. இதே மாதிரிக் கோட்டைத்தான் அன்றைக்குத் திருப்பூர்க்காரருடைய கோபுரத்தின் அடியில் அவர் பார்த்திருந்தார். இல்லை, தூசி. எச்சில் தொட்டுத் துடைத்தார், போகவில்லை. வேறு யாரோ வீட்டுக்கு வந்து, யார் வருவார்கள், வேலைக்காரி, அவளுக்கு எதற்கு. விளக்கை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். இரண்டு சட்டமும் வெட்டிக்கொள்கிற இடத்தில், நடுவில், சிவப்பு கலந்த பழுப்பில் ஒரு கட்டை இருந்தது. சேராத நிறம். அந்த டப்பாவை அவர் திறந்ததே இல்லை. இரண்டு வருஷமாக ஊரையே கூப்பிட்டுக் காட்டிய நெற்றியில் அந்த நிறம் இருந்ததை அவர் பார்க்கவே இல்லை. அவருடைய கை அதை எடுத்திருக்கவே எடுத்திருக்காது. செல்போன் விளக்கு அணைந்தது, அவர் அதைத் திரும்பப் போடவில்லை.

தாழ்ப்பாள் விலகியது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வசந்தாமணி வந்தாள், கூடம் முழுக்க சீயக்காய் வாசம். மேசைமேல் தனியாகக் கிடந்த தன் வீட்டு நெற்றியைப் பார்த்தாள், அவர் கையில் இருந்த கத்தியைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுதக் கழட்டப் பாக்கறீங்களா? அது வராதுங்களே."

"ஏன் வராது?"

"பசை போட்டதாச்சுங்களே." சாதாரணமாகத்தான் சொன்னாள். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி மண்டபத்து வாசல்ல காரு நிக்கறப்ப, நெத்தி மட்டும் பொலபொலன்னு என் மடியில உழுந்துருச்சுங்க. நீங்க அதுக்கு முன்னாலயே மேசை பாக்க உள்ள போயிட்டீங்க. நாந்தான் உக்காந்து கட்டுனேன். அந்தச் செவப்புக் கட்டை என்ற கைப்பையில கெடந்துச்சு, அதையும் வெச்சேன். எதுத்த கடையில பசை வாங்கி ஒட்டிட்டேன். மறுக்கா உழுந்துச்சுன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னுதானுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லோணும்? நான் உள்ள கொண்டாந்ததுமே நீங்கதான் பாத்துட்டீங்களே." துண்டின் நுனியால் காதுப்பக்கம் ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "அப்படியே நின்னீங்க. அப்புறம் டாக்டரக் கூப்புட்டு, இந்த மாதிரி இன்னொரு கையி போட முடியாதுன்னீங்க. வந்தவங்ககிட்டயெல்லாம் சொன்னீங்க. எம் பேரச் சொன்னாப் பசை போட்டது வெளிய தெரிஞ்சிரும், அதான் பேரச் சொல்லாமயே என்னையச் சொல்றாருன்னு நெனச்சனுங்க. அதக் கேட்ட தைரியத்துலதான் நானும் சொந்தமா வீடு கட்ட உக்காந்தேன்."

கீழே தெருவில் கார் ஹாரன் கேட்டது. அவள் இன்னொரு தரம் கத்தியைப் பார்த்தாள், அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள், இந்தத் தடவை கொஞ்ச நேரம் பார்த்தாள். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அப்ப நீங்க என்னையச் சொல்லலீங்களா?"

இரண்டு வருஷமாக இவள் ஒரு ஆளோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அந்த ஆள் தன்னுடைய விதியைப் பெண்டாட்டிக்காக ஓசைப்படாமல் விட்டுக்கொடுத்தவன், கூட்டத்துக்கு நடுவில் நின்று அவள் கையைப் புகழ்ந்தவன், புகழ்ந்துவிட்டு வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன். அவனைப் பார்த்துத்தான் இவள் முகம் சிவந்திருக்கிறது, அவனுக்குத்தான் சுடச்சுடக் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அவளுடைய வீட்டைப் பார்த்தபோதுகூட நாச்சிமுத்துவுக்கு இவ்வளவு எரியவில்லை, அந்த ஆளை நினைக்கத்தான் தாங்க முடியாத பொறாமையாக இருந்தது. அவனாக இருந்தால் இந்நேரம் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பான்.

"உன்னையத்தான் அம்மிணி," என்றார்.

அதற்குள் அவள் நெற்றியைத் தன் வீட்டில் பொருத்தி முடித்திருந்தாள். இரண்டு கையாலும் வீட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். தலைத் துண்டு அவிழ்ந்து தோளில் விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"கதவைத் தொறங்க, வண்டி நிக்குது," என்றாள்.